கிட்டுசாமி வாங்கிய ஆம்பளை ஸ்கீ

வேலை போவதானால் போகட்டும். ஆனால் பனியில் சறுக்கத் தெரியாத ஒரே காரணத்துக்காக அது போகக் கூடாது. ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயருக்குப் பக்கத்து அபார்ட்மென்டில், பாத்ரூம் கண்ணாடி முன்னால் பல் விளக்கிக்கொண்டே கிட்டுசாமி இப்படி ஒரு சபதம் எடுத்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் வெளியே சரியாக வரவில்லை. ஆனாலும் சபதம் சபதம்தான்.

சிரிக்காதீர்கள். மனுஷனுடைய பயம் நியாயமான பயம். அவர் ஆற்றைத் தாண்டி மன்ஹாட்டனில் ஒரு பேங்கில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர். அரதப் பழசான மெயின்ஃப்ரேம் புரோகிராம்கள் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. மேனேஜர் பெயர் ரோஹன். இங்கேயே எடிசனில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழில் 'சாப்ட்டாச்சா' என்ற ஒரு சொல் தெரியும், அதை எல்லா நேரத்திலும் கேட்பான். வருஷா வருஷம் பிப்ரவரியில் டீமைக் குடும்பத்தோடு வெர்மான்ட் பனிமலைக்கு அழைத்துப் போவான்.

போன வருஷம் அதே டீமில் இருந்த மாரிசாமி வரவில்லை என்றார். முட்டிவலி என்று காரணம் சொன்னார். பனி உருகுவதற்குள் மாரிசாமியின் சீட்டு கிழிந்தது. வேலையோடு எச்-1 விசாவும் போயிற்று. நெவார்க் ஏர்போர்ட்டில் மாரிசாமியின் மகள் தள்ளுவண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரவே மாட்டேன் என்று கதறியதைக் கிட்டுசாமி பக்கத்தில் நின்று பார்த்தார். அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள். வெண்பா, ஹைஸ்கூல் படிக்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மாரிசாமி போகும்போது தன் வெட் கிரைண்டரை இவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மாரிசாமிக்கு அதைக் கொடுத்தவரும் வேலை போய் ஊர் போனவர்தான். அவருக்குக் கொடுத்தவரும் அப்படியே. அந்தக் கிரைண்டர் கரகரவென்று சுற்றினாலே கிட்டுசாமி எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார்.

"சாந்தி, அந்தச் சனியனைத் தூக்கிக் கடாசு புள்ள."

"ஏனுங்க, கல்லு அருமையா ஆட்டுது. உங்க ஆபீஸ்ல வேலை போறதுக்கு கிரைண்டர் என்னங்க பண்ணும்?"

சாந்தி அவர் மனைவி. கோபிச்செட்டிபாளையத்துக்காரி. கல்யாணத்துக்கு அப்புறம் இங்கே மூன்று வருஷம் எச்-1ல் டெஸ்டிங் வேலை பார்த்தவள். வெண்பா பிறந்ததும் விட்டுவிட்டு, புருஷன் விசாவைப் பிடித்துக்கொண்டு, வேலைக்குப் போக முடியாத எச்-4 ஆகிவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு உலகம் என்பது 'எச்-4 தோழிகள்' என்ற வாட்ஸ்அப் குழு. அதில் நாள் பூரா என்னதான் பேசுவார்களோ! கிட்டுசாமி ஒருநாள் எட்டிப் பார்த்தார். தோசை ஏன் கல்லில் ஒட்டுகிறது என்று நாற்பது பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "வெட்டி ஆபீஸ்" என்று பெயர் வைத்துவிட்டு, அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

ரோஹன் இந்த வருஷம் லஞ்ச் மேஜையில் வைத்துக் கேட்டான்.

"கிட்டு, டூ யூ ஸ்கீ?"

கிட்டுசாமி தயாராகத்தான் இருந்தார். பனியில் சறுக்க இரண்டு காலிலும் கட்டிக்கொள்ளும் நீளப் பலகைகளுக்கு ஸ்கீ என்று பெயர் என்பது முதல் எல்லாவற்றையும் ஏதோ ஒரு வெப்சைட்டில் மனப்பாடம் செய்திருந்தார். ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

"யெஸ் யெஸ். ஆல்-மவுன்டன். மோஸ்ட்லி க்ரூம்ட் ரன்ஸ். அக்கேஷனலி ஆஃப்-பிஸ்ட்."

ரோஹன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். "வாவ்! யூ நெவர் டோல்ட் மீ! தென் வீ கோ டுகெதர், மேன்."

கிட்டுசாமிக்குச் சிறகு முளைத்துவிட்டது. ரயிலை விட்டு இறங்கி நடந்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது உதிர்ந்தும் விட்டது. பனியை அவர் பிடித்திருக்கிறார், கார் கண்ணாடியில் சுரண்டும்போது. அதற்கு மேல் ஒரு சம்பந்தமும் கிடையாது.

"சொல்லிட்டேன் புள்ள. இனிமே வாங்கியே ஆகணும்."

சாந்தி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். போன தீபாவளிக்கு ஒரு ரைஸ் குக்கர் மாற்றுவதற்கே ஒரு மாதம் வாதாடியவள். அவளோ தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "வாங்கிக்கோங்க" என்றாள். அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

அதற்கப்புறம் வீடு ஸ்கீ மயம். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து டீயைக் குடித்ததும் யூடியூபில் உட்காருவார். தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு ஸ்கீயாக வளைத்து, தட்டி, முகர்ந்து பார்க்காத குறையாக விமர்சிப்பார்கள். இவரும் சோபாவில் உட்கார்ந்து வளைவார்.

"இதோ பார் சாந்தி. மெஷின் விட்டு நிரவி வெச்ச பனின்னா, ஸ்கீக்கு இடுப்பு சின்னதா இருக்கணும். வெடுக்குனு திரும்பும். பாதையை விட்டு வெளிய, நிரவாத பனியில போறதுன்னா இடுப்பு பெருசா இருக்கணும். இல்லைன்னா புதைஞ்சிரும்."

"இடுப்பு பெருசா இருந்தா புதையாதுங்களா? புதுசா இருக்குதே."

"ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு. அதான் ஆல்-மவுன்டன். எல்லா மலைக்கும் ஒரே ஸ்கீ. அதுலயும் ஆம்பளைங்க ஸ்கீ தனி."

"ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணா? என்னங்க வித்தியாசம்?"

"ஆம்பளைங்க ஸ்கீ கொஞ்சம் விறைப்பு. கனமா இருக்கும். லேசுல வளையாது. சொன்ன பக்கம் திரும்பாது."

"பேரு பொருத்தமாத்தான் வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு சாந்தி சட்னி அரைக்கப் போனாள்.

இன்னொரு நாள் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏனுங்க, அந்த மலையில ரோஹன் கூட எங்க வெச்சுப் பேசுவீங்க? சறுக்கிக்கிட்டே பேச முடியுமா?"

கிட்டுசாமி குரலைத் தாழ்த்தினார். வீட்டில் வேறு யாரும் இல்லை, ஆனாலும் தாழ்த்தினார். "அங்கதான் புள்ள விஷயமே இருக்கு. மேல ஏற லிஃப்ட்டுனு ஒண்ணு இருக்குது. கம்பியில தொங்கற பெஞ்சு. ரெண்டு பேர் உக்காந்தா உச்சிக்குப் போற வரைக்கும் ஒருத்தனும் எந்திரிச்சுப் போக முடியாது. போன் எடுத்தா கை விறைச்சுரும். ஆபீஸ்ல அவனைப் பிடிக்கவே முடியாது. அங்க மாட்டிக்குவான். அவன் பக்கத்துல எவன் உக்காந்து பேசறானோ அவனுக்குத்தான் வேலை."

"ஓகோ" என்றாள் சாந்தி. "ரெண்டே பேரு, இல்லீங்களா?"

"ரெண்டே பேரு."

மேல்வீட்டுப் பர்வதம் ஆன்ட்டியோடு மாலுக்கு வாக்கிங் போக ஆரம்பித்திருந்தாள் சாந்தி. போய்விட்டு வரும்போது மூக்கு நுனி சிவந்திருக்கும். "மூஞ்சிக்குத் தேங்காண்ணெய் வை புள்ள, காஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டுக் கிட்டுசாமி வீடியோவுக்குத் திரும்புவார். மாலில் கூரைக்கு அடியில் எப்படி மூக்கு காயும் என்று ஒரு நிமிஷம் யோசித்தாரா? எங்கே யோசிப்பது, இடுப்பளவு எண்பத்தெட்டா தொண்ணூற்றாறா என்ற குழப்பத்தில் கிடந்தார் மனுஷன். லேப்டாப்பில் அவள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எதையோ பார்ப்பாள். கோலம் போடும் வீடியோ என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஹைவே ஓரத்தில் இருக்கும் விளையாட்டுச் சாமான் கடைக்குத் தனியாகப் போனார். அங்கேயும் ஒரு தாடிக்காரர். வயசானவர். கையில் ஸ்க்ரூ டிரைவர்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கிட்டுசாமி அமெரிக்கா வந்த புதிதில், எடிசனில் ஒரு கன்சல்டிங் ஆபீஸில் அவருக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். யார் என்ன கேட்டாலும், எவ்வளவு வருஷ அனுபவம் என்று கேட்டாலும், 'டென் ப்ளஸ்' என்று சொல். தெரியுமா என்றால் 'அட்வான்ஸ்ட்' என்று சொல். வேலையில் சேர்ந்த பிறகு ராவோடு ராவாகக் கற்றுக்கொள். அவர் அப்படித்தான் பிழைத்தார். அவர் கூட வந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் பிழைத்தார்கள். அது நாக்கில் ஊறிப்போன பழக்கம்.

தாடிக்காரர் கேட்டார், எந்த லெவல்?

"அட்வான்ஸ்ட்."

எவ்வளவு வருஷமாகச் சறுக்குகிறீர்கள்?

"டென் ப்ளஸ்."

இந்தியாவில் எங்கே சறுக்கினீர்கள்?

"கொடைக்கானல்" என்றார்.

தாடிக்காரர் மரியாதையோடு தலையாட்டினார். அந்த மலையைப் பற்றித் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றார். கிட்டுசாமியும் அதை ஒத்துக்கொண்டார், ரொம்பப் பேருக்குத் தெரியாது என்று.

பிறகு அளவு. குட்டையும் நெட்டையும் ஒரே விலை. ஒரே விலைக்குக் குட்டையை வாங்க அவர் என்ன இளிச்சவாயரா? தலைக்கு மேலே ஒரு சாண் நிற்கிற மாதிரி ஒரு ஜோடியை எடுத்தார். கருப்பு நிறம், கத்தி மாதிரி ஓரம், தட்டினால் டங்கென்றது. அதன் மேல் பூட்ஸைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி ஒன்று உண்டு. பைண்டிங் என்பார்கள். ஆள் விழுந்தால் அது தானாகக் கழன்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் பலகை ஒரு பக்கம் முறுக்கும், முட்டி ஒரு பக்கம் முறுக்கும். கற்றுக்குட்டி என்றால் லேசாக வைப்பார்கள். அட்வான்ஸ்ட் என்றால் வேகத்தில் கழன்றுவிடக் கூடாதே என்று இறுக்கி வைப்பார்கள். தாடிக்காரர் அவர் சொன்னதை நம்பி, நன்றாக இறுக்கி வைத்தார்.

வீட்டில் வெண்பா அதைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பா, திஸ் இஸ் டேஞ்சரஸ். யூ டோன்ட் ஈவன் ஸ்கீ. ஜஸ்ட் ரென்ட் சம்திங், ப்ளீஸ்."

"கண்ணு, வாடகை ஸ்கீயைப் பாத்தா ரோஹன் கண்டுபிடிச்சிருவான். அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது."

"தட்ஸ் சோ டம்ப்" என்று அவள் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாந்தி மட்டும் ஸ்கீயின் இரண்டு மூக்கிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து மிதிக்கச் சொன்னாள். ஒரு பழம் நசுங்கியது, இன்னொன்று வழுக்கியதில் அவர் சோபாவில் போய் உட்கார்ந்தார். சூடம் ஏற்றியதும் புகை அலாரம் பில்டிங் முழுக்க ஊளையிட்டது. கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது சாந்தியின் கண் கலங்கியிருந்தது. புகை என்று நினைத்தார் கிட்டுசாமி.

வெர்மான்ட். மலை பெரிதாக இருந்தது. வீடியோவில் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தடவை திரும்பியதில், பின்னால் வந்த ஒரு அம்மாளின் தொப்பி பறந்தது. சாந்தி வாடகைக் கவுன்ட்டருக்குப் போனாள். அங்கேயும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். "பிகினர்" என்று சொல்லி, சாயம் போன ஒரு குட்டை ஜோடியை வாங்கி வந்தாள். கிட்டுசாமிக்கு வெட்கமாக இருந்தது.

"நீ எதுக்கு புள்ள? ஹோட்டல்ல உக்காந்து ஏதாச்சும் சாப்பிடலாம்ல?"

"போட்டோ எடுக்கத்தானுங்க" என்றாள்.

லிஃப்ட் இருக்கும் இடத்துக்கு லேசான ஒரு சரிவு. வீட்டு வாசல் சாய்தளம் அளவுதான். கீழே ரோஹன் கையை ஆட்டினான். "கிட்டு! கமான், யூ அண்ட் மீ!"

இரண்டே பேர் உட்காரும் பெஞ்சு. இதற்காகத்தானே இத்தனையும். கிட்டுசாமி பூட்ஸைக் கொக்கியில் அழுத்தினார். டக்கென்று கவ்வியது. ஒரு காலை நகர்த்தினார். அவ்வளவுதான் அவர் செய்தது. மீதியை மலை செய்தது.

ஸ்கீ ஓடியது. நிற்கச் சொன்னார், நிற்கவில்லை. திரும்பச் சொன்னார், ஆம்பளை ஸ்கீ திரும்பவில்லை. "சாப்ட்டாச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்ட ரோஹனைத் தாண்டி, வரிசையில் நின்றவர்களைத் தாண்டி, ஆரஞ்சு நிறத் தடுப்பு வலைக்குள் போனார். உடம்பு வலையில் நின்றது. ஸ்கீ நிற்கவில்லை. கொக்கி கழன்றிருக்க வேண்டும். டென் ப்ளஸ் வருஷ அனுபவசாலிக்குப் போட்ட கொக்கி அது, எப்படிக் கழலும்? முட்டிக்குள் டப் என்று ஒரு சத்தம் கேட்டது. கிட்டுசாமி அம்மா என்று அலறியது லிஃப்ட் மேலே போனவர்களுக்கும் கேட்டது.

வெண்பா ஓடி வந்து பனியில் மண்டி போட்டாள். "அப்பா, வலிக்குதாப்பா? அசையாதீங்கப்பா." எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மகள் வாயிலிருந்து தமிழ் வந்தது. முட்டி போனதுகூட அந்த நிமிஷம் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மீட்புக்காரர்கள் வந்து அவரைத் தள்ளுபலகையில் படுக்க வைத்துத் துணிப்பொட்டலம் மாதிரி கட்டினார்கள். மல்லாந்து கிடந்தவருக்கு வானம்தான் தெரிந்தது. வானத்தில் கம்பி தெரிந்தது. கம்பியில் ஒரு பெஞ்சு போனது. பெஞ்சில் ரோஹன். பக்கத்தில் ஊதா ஜாக்கெட்.

சாந்தி.

கிட்டுசாமியின் நெஞ்சு நிறைந்துவிட்டது. எம் பொண்டாட்டி எனக்காக மன்றாடப் போயிருக்கிறாள்! பயந்த சுபாவம், உயரம் என்றால் ஆகாது, புருஷனுக்காகக் கம்பியில் தொங்கிக்கொண்டு போகிறாளே! இவளைப் போய் வெட்டி ஆபீஸ் என்று சொன்னோமே என்று உருகினார்.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஊதா ஜாக்கெட் இறங்கி வந்தது. கால் இரண்டையும் உள்பக்கம் சாய்த்து, நிதானமாக, இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு. நடுவில் ஒரு தடவை விழுந்தது. உடனே ஸ்கீ தனியாகக் கழன்றது. எழுந்து, தட்டிவிட்டு, மாட்டிக்கொண்டு, மறுபடியும் வந்தது. வலிக்குப் போட்ட ஊசியின் மயக்கம் என்று நினைத்துக் கிட்டுசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

முதலுதவி அறையில் கண் திறந்தபோது சாந்தி பக்கத்தில் உட்கார்ந்து அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க புள்ள கத்துக்கிட்ட?"

"மால்லீங்க. கூரைக்கு அடியில பனிமலை ஒண்ணு கட்டி வெச்சிருக்காங்க. குரூப்ல கூப்பன் போட்டாங்க. நானும் பர்வதம் ஆன்ட்டியும் போனோம். ஆன்ட்டி நல்லாவே சறுக்குறாங்க."

"ரோஹன் கிட்டப் பேசினியா?"

"பேசினனுங்க."

"என் வேலை?"

சாந்தி துண்டை மடித்து வைத்தாள். "உங்க மெயின்ஃப்ரேம் மொத்தமும் மூடுறாங்களாமா. அடுத்த மாசத்தோட. அவரு கையில ஒண்ணும் இல்லையாமா. நீங்க சறுக்கினாலும் சறுக்காட்டியும் அது போறதுதானுங்க. எனக்கு முன்னாடியே தெரியும்."

"எப்படி?"

"குரூப்ல. உங்க பக்கத்து டீம்காரர் வீட்டம்மா போட்டாங்க."

கிட்டுசாமி எழுந்து உட்காரப் பார்த்தார். "தெரிஞ்சும் சொல்லலையே. ஸ்கீ வேற வாங்க விட்டியே!"

"சொன்னா தூங்குவீங்களா? மாரிசாமி அண்ணன் போனப்ப என்ன ஆனீங்கன்னு பாத்தவதானே நானு. ஸ்கீ பாத்துக்கிட்டு இருந்தப்பதான் உங்க மூஞ்சியில ஒரு சிரிப்பு இருந்துச்சு. இருக்கட்டும்னு விட்டுட்டேன். உங்க காலு போகும்னு சத்தியமா நினைக்கலீங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "புது டீம்ல டெஸ்டிங்குக்கு ஆள் வேணும்னும் குரூப்ல போட்டிருந்தாங்க. அதைத்தான் பெஞ்சுல உக்காந்து கேட்டேன்."

"எனக்கு டெஸ்டிங் தெரியாதே புள்ள."

"எனக்குத் தெரியுமுங்க."

கிட்டுசாமி அவள் மடித்து வைத்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கோலம் பாத்துக்கிட்டு இருந்தியே?"

"எந்தக் கோலம்? ஆட்டோமேஷன் படிச்சுக்கிட்டு இருந்தேன். எத்தனை வருஷமா வேலைக்குப் போகலைன்னு கேட்டாரு. பூராவும் சொல்லிட்டேன். கீழ பாத்தாவே கிறுகிறுங்குது, அந்தப் பெஞ்சுல உக்காந்து பொய் வேற சொல்ல எனக்கு வரலீங்க. என்னோட பழைய எச்-1 கணக்குல ஆறு வருஷத்துல மூணு வருஷம் மிச்சம் இருக்குன்னும் சொன்னேன். இன்டர்வியூவுக்கு வாங்கன்னு சொல்லிட்டாரு. ரெண்டே பேரு பெஞ்சுங்கறது ரொம்ப சௌகரியமுங்க. நீங்க சொன்னது கரெக்டு."

கிட்டுசாமிக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. வெண்பா இங்கேயே படிக்கலாம் என்ற நினைப்பு வந்ததும் ஆத்திரம் கொஞ்சம் அடங்கியது. தன் யோசனையைத் தன் வாயாலேயே சொல்லிக் கொடுத்தோம் என்ற நினைப்பு வந்ததும் திரும்பவும் வந்தது.

மார்ச்சில் அவருக்கு வர வேண்டிய மெயில் வந்தது. காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படித்தார். அதே வாரம் சாந்திக்கும் ஒரு மெயில் வந்தது. வக்கீல் போன் செய்து, இனி அம்மாதான் முதல் ஆள், ஐயா அவரைச் சார்ந்தவர், எச்-4 என்று விளக்கினார். ஸ்கீயைக் கடையில் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. குங்குமக் கறை போகவே இல்லையாம். இரண்டையும் பால்கனியில் குறுக்கே கட்டி அதில் துணி காயப் போடுகிறார்கள். எல்லாத் துணிக்கும் நீளம் சரியாக இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் சாந்தி, இனிமேல் மரியாதை கொடுத்துத்தான் சொல்ல வேண்டும், கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஏனுங்க, அரிசி ஊறுது. பதினோரு மணிக்கு ஆட்டிருங்க. குத்துக்கால் போடாம ஸ்டூல்ல உக்காந்துக்கோங்க, முட்டி பத்திரம். அப்பறம், நான் அந்த குரூப்ல இருந்து வெளிய வந்துட்டேன். எச்-4 மட்டும்தான் இருக்கலாம், ரூல் அப்படி."

ரயிலுக்கு ஓடிவிட்டார்.

கிட்டுசாமி நொண்டிக்கொண்டே போய் ஸ்டூலில் உட்கார்ந்து, மாரிசாமியின் கிரைண்டரில் அரிசியைப் போட்டு சுவிட்சைத் தட்டினார். கரகரவென்று சுற்றியது. இனி இது பறிப்பதற்குத் தன்னிடம் வேலையே இல்லை என்று ஒரு நிம்மதிகூட வந்தது. அப்போது போன் சிணுங்கியது. சாந்தி வெளியே வருவதற்கு முன்னால் அந்தக் குழுவில் ஒரு காரியம் செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். இவரைச் சேர்த்துவிட்டிருந்தார்.

ஹூஸ்டனிலிருந்து ஸ்ம்ருதி என்று யாரோ எழுதியிருந்தார்கள்: "வெல்கம் சிஸ்! உங்க ஹஸ்பெண்ட் எந்த கம்பெனி?"